‘ஸப்ரு செய்யுங்கள்’ என்று சொல்லுமுன்...

மையித்தை அடக்கிவிட்டுத் திரும்பும் வழியிலும், நோயாளியின் கட்டிலருகிலும், கடனில் மூழ்கியவரின் திண்ணையிலும் நாம் எல்லோரும் தவறாமல் சொல்லும் சொல் ஒன்றுண்டு. ‘ஸப்ரு செய்யுங்கள்’ என்பதே அது. அந்தச் சொல்லில் பொய் இல்லை. பொறுமையாளர்களுடன் அல்லாஹு தஆலா இருக்கின்றான் என்பது திருமறை நமக்குத் தரும் நற்செய்தி. ஆனால் மெய்யான சொல்லையே, வேளை அறியாமல், ஆளின் நிலை அறியாமல், விசாரிக்காமல் சொல்லிவிட்டால் அது மருந்தாகுமா, கல்லாகுமா? துன்பப்பட்ட ஒருவருக்கு ஆறுதல் சொல்லும் உரிமை நமக்கு எங்கிருந்து வருகிறது? நம் இல்மிலிருந்தா, நம் வயதிலிருந்தா, அல்லது அவர் சொல்வதைக் கேட்கும் நம் செவியிலிருந்தா?

இந்தக் கேள்வியை நான் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. என் தவறு ஒன்றிலிருந்து எடுத்தேன். பிறர் குறையை எழுதுவது எளிது. மிம்பரில் நிற்பவன் தன் குறையை எழுதுவது கடினம். இருந்தாலும் எழுதுகிறேன். என்னைப் போன்ற ஆலிம்களுக்கும், நம் வீடுகளில் உள்ள பெரியவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

கடற்கரை ஊரில் நடந்தது

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நம்மவர் குடும்பங்கள் சிதறி வாழும் ஊர்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றில் நாற்பது வயதைத் தாண்டாத ஒரு சகோதரி கணவரை இழந்தார். முதல்நாள் இரவு ஒன்றாகச் சாப்பிட்டவர் மறுநாள் சுபுஹுக்கு எழவில்லை. இத்தாவில் அமர்ந்த அந்தச் சகோதரி இரவெல்லாம் உறங்காமல் அழுதுகொண்டே இருந்தார். இரண்டு வாரம் கழிந்தும் அழுகை நிற்கவில்லை. அவருடைய அண்ணன் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், நீங்கள் வந்து நாலு வார்த்தை நஸீஹத் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் கேட்கவில்லை” என்றார்.

நான் போனேன். திரைக்கு இப்பால் அமர்ந்து தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். ஸப்ரின் சிறப்பை எடுத்துரைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வீட்டார் அழுவதனால் மையித்துக்கு கபுரில் வேதனை உண்டாகும் என்ற ஹதீஸையும் சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று நான் கேட்கவே இல்லை. அரைமணி நேரம் நானே பேசினேன்.

அன்றோடு அந்தச் சகோதரியின் அழுகை நின்றுபோயிற்று. அண்ணன் வந்து நன்றி சொன்னார். என் நாவில் அல்லாஹ் பரக்கத் வைத்திருக்கிறான் என்று நானும் உள்ளூர மகிழ்ந்தேன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக! அழுகையோடு பேச்சும் நின்றது, பசியும் நின்றது. வஃக்து வந்தால் முஸல்லாவில் நிற்பார், எந்த ரகஅத்தில் இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. நள்ளிரவில் எழுந்து கதவருகே போய் நிற்கிறார் என்று வீட்டார் அறைக்கு வெளியே பூட்டுப் போட்டார்கள். ஜின் பிடித்திருக்கிறது என்றனர் சிலர். கண்ணேறு என்றனர் வேறு சிலர்.

கேட்கத் தெரிந்த மாணவி

மனநல ஆலோசனைப் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி அப்பொழுதுதான் அந்த ஊருக்கு வந்தார். மாற்று மதத்தவர், இருபத்து நான்கு இருபத்தைந்து வயது இருக்கும். இத்தகைய மாணவ மாணவியர் இந்தக் கடற்கரையில் வீடு வீடாகச் செல்வது புதிதன்று. 1993இல் சென்னையில் தொடங்கப்பெற்று, தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்கு அடைக்கலம் தந்த ‘தி பான்யன்’ நிறுவனம் கோவளத்தில் நெடுநாளாக மனநலப் பணி செய்து வருகிறது. அப்பணிக்கு இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் கல்விப் பகுதியும் அதற்கு உண்டு. கோவளம் தர்காவுக்கு மனம் கலங்கியவர்களை அழைத்து வரும் வழக்கமும் பழையது. ஆகவே நோயும், துஆவும், மருந்தும் அருகருகே நிற்கும் கடற்கரை இது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து போன பின், உடைந்தவை படகும் வீடும் மட்டுமல்ல, மனங்களும்தாம் என்பதை இந்த ஊர்கள் கண்ணால் கண்டன.

அந்த மாணவி முதல் நாள் வந்தபோது ஒன்றும் பேசவில்லையாம். அந்தச் சகோதரி தரையில் உட்கார்ந்திருந்தார், இவரும் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து, “நாளைக்கும் வரலாமா அம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். நான்காம் நாள்தான் அந்தச் சகோதரி வாய் திறந்தார். சொன்னது ஒரே வாக்கியம்: “நான் அழுதால் அவருக்கு கபுரில் வேதனை என்று ஹஜ்ரத் சொல்லிவிட்டாரே.”

வேறொருவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ‘அதெல்லாம் மூடநம்பிக்கை, மனம்விட்டு அழுங்கள்’ என்றிருப்பார். அந்தச் சகோதரியோ, தன் கணவரின் கபுரையும் தன் ஈமானையும் அலட்சியம் செய்தவரிடம் மறுபடி ஒரு சொல்லும் பேசியிருக்க மாட்டார். இந்த மாணவி அப்படிச் சொல்லவில்லை. நேராகப் பள்ளிவாசலுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டு, அந்தச் சகோதரியின் அண்ணனையும் உடன் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

“ஐயா, நான் இன்னும் படிக்கிறவள். உங்கள் மார்க்கம் எனக்குத் தெரியாது. இறந்தவருக்காக அழுவது உங்களிடத்தில் குற்றமா? குற்றம் என்றால் நான் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்கிறேன். குற்றம் இல்லை என்றால் அதை நீங்கள்தான் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்ப மாட்டார்.”

எனக்கு மேனி சிலிர்த்தது. நான் ஓதிய கிதாபுகள் எல்லாம் என் முன்னே வந்து நின்றன. மகனார் இப்ராஹீம் மறைந்தபோது பெருமானார் (ஸல்) அவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. தம் மகளாரின் குழந்தை உயிர் பிரியும் நிலையில் மடியில் வைக்கப்பட்டபோதும் அவர்கள் அழுதார்கள். ‘இது என்ன?’ என்று ஸஅது இப்னு உபாதா (ரலி) வியந்து கேட்டபோது, அடியார்களின் இதயங்களில் அல்லாஹ் வைத்த ரஹ்மத் அது என்று விடை தந்தார்கள். புகாரி ஷரீஃபில் உள்ள செய்தி இது. நான் சொன்ன ஹதீஸோ ஒப்பாரி வைத்து, மாரில் அடித்து, ஆடையைக் கிழிக்கும் வழக்கத்தைப் பற்றியது என்று இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். அதன் கருத்தைப் பற்றி அன்னை ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே திருத்தம் சொல்லியிருக்கிறார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதாம். தெரிந்திருந்தும் பாதியைச் சொல்லி, பாதியை விழுங்கிவிட்டேன். அழுகையை நிறுத்துவதுதான் என் வேலை என்று நினைத்தேன். அழுகிறவர் யார் என்று பார்க்கவில்லை.

அந்தக் கதவை அடைத்தது என் வாய். திறக்க வேண்டியதும் என் வாய்தான். அன்று அஸருக்குப் பின் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். திரைக்கு இப்பால் இருந்து, “அம்மா, நான் சொன்னது முழுமையான பேச்சன்று. நபிகள் நாயகமே அழுதிருக்கிறார்கள். உங்கள் கண்ணீரால் அவருக்கு ஒரு வேதனையும் இல்லை. என்னை மன்னியுங்கள்” என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு உள்ளிருந்து அழுகை கேட்டது. இரண்டு வாரம் அடைந்து கிடந்த அழுகை. என் மனைவி அவரைத் தாங்கிக்கொண்டார்.

விசாரிக்காமல் சொன்ன ஃபத்வா

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அதன்பின் அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. ‘எனக்குத் தயம்மும் செய்யச் சலுகை உண்டா?’ என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் பெருமானார் (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். அவரைக் கொன்றவர்கள் அவர்களே என்றார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக்கூடாதா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே மருந்து என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்டவர்களா? இல்லை. மார்க்கத்தின் மீதுள்ள பற்றினால்தான் சொன்னார்கள். சட்டத்தைப் பார்த்தவர்கள் காயத்தைப் பார்க்கவில்லை. தலையில் உள்ள காயமாவது கண்ணுக்குத் தெரியும். மனத்தில் உள்ள காயம் தெரிவதில்லை. அப்படியானால் அங்கே விசாரிக்கும் கடமை இன்னும் பெரிதல்லவா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கற்றவன் என்று பெயர் பெற்ற நான் கேட்கவில்லை. கற்றுக்கொண்டிருக்கும் அந்த மாணவி கேட்டார். தமக்குத் தெரியாது என்று அவர் அறிந்திருந்தார். அதுவே அவருடைய இல்ம். எனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன். அதுவே என் ஜஹ்ல்.

துயரம் ஈமானின் குறையா?

மனம் தளர்ந்தவரைக் கண்டால் ‘ஈமான் பலவீனம்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. திருமறையை ஊன்றி ஓதுகிறவர் இப்படிச் சொல்லத் துணியமாட்டார். யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண் வெளுத்துப் போனார்கள் என்று 12ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவர்களைக் கடிந்துகொண்டவர்கள் வீட்டாரே. அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்ன சொல்லை உலகம் உள்ளளவும் ஓதும்படி வைத்துவிட்டான்.

மர்யம் (அலை) அவர்களின் நிலையைப் பாருங்கள். பிரசவ வேதனையில், தனிமையில், ஊரார் தூற்றுவார்களே என்ற கவலையில், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள் என 19ஆம் அத்தியாயம் சொல்கிறது. அந்த வேளையில் அவர்களுக்கு வந்த ஆறுதல் எப்படிப்பட்டது? முதலில் கவலைப்பட வேண்டாம் என்ற இதமான சொல். பிறகு காலடியில் நீரோடை, கைக்கு எட்டும் பேரீச்சம்பழம், உண்ணவும் பருகவும் ஓர் அன்பான கட்டளை. கேள்வி கேட்போருக்கு அன்று பதில் பேச வேண்டியதில்லை என்ற விடுதலையும் சேர்ந்து வந்தது. அவர்கள் ஏங்கியதற்காக ஒரு கண்டிப்பும் இல்லை. பிரசவித்த வீட்டில் ஒரு பெண் காரணம் தெரியாமல் அழுதால், ‘பிள்ளை பெற்றவள் அழலாமா, நன்றி கெட்டவளே’ என்று கடியும் மாமியார்மார் இந்த இடத்தைச் சற்றே நிதானித்து ஓதட்டும்.

பெருமானார் செவி சாய்த்த விதம்

ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. மதீனாவில் புத்தி சற்றுக் கலங்கிய ஒரு பெண்மணி, தமக்கு ஒரு தேவை இருப்பதாகப் பெருமானாரிடம் வந்து சொன்னார். அவர்கள் அந்தப் பெண்ணை இன்னாரின் தாயே என்று மரியாதையாக அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விரும்புகிறாரோ அதை அவரே தேர்ந்துகொள்ளட்டும் என்றார்கள். அவ்வாறே ஒதுங்கி நின்று, அவர் தேவை முடியும்வரை கேட்டார்கள்.

இதில் எத்தனை பாடங்கள்! பைத்தியம் என்று ஊர் ஒதுக்கிய பெண்ணை மக்களுள் ஒருவராக மதித்தார்கள். இடத்தை அவரே தேர்ந்துகொள்ள விட்டார்கள். பிறர் காதில் விழாதபடி ஒதுங்கினார்கள். அதே வேளை அது நாலு பேர் நடமாடும் பாதைதான், தனிமை அன்று என்று இமாம் நவவி (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். முடிக்கும் நேரமும் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. ஒரு நாட்டையே நடத்திய தலைவருக்கு நேரம் இருந்தது. நமக்குத்தான் இல்லை!

அந்த மாணவிக்கு இந்த ஹதீஸ் தெரியாது. ஆனால் அவர் தரையில் உட்கார்ந்ததிலும், நாளை வரலாமா என்று கேட்டதிலும் இதன் சாயலைக் கண்டேன். ஹிக்மத் எங்கே கிடந்தாலும் அதை எடுத்துக்கொள்ள முஃமின் வெட்கப்பட வேண்டியதில்லை.

மதிப்பதற்கும் ஓர் எல்லை

ஒருவருடைய மார்க்கத்தையும் வழக்கத்தையும் மதிப்பது என்றால், அந்த வீட்டார் செய்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவதா? இல்லை. நான் கண்டதைச் சொல்கிறேன். இத்தாவை அந்த மாணவி முழுமையாக மதித்தார். 4 மாதம் 10 நாள் வரை வீட்டுக்கே வந்து பார்ப்பதாகத் தம் ஆசிரியையிடம் அனுமதி வாங்கினார். டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, இத்தாவில் இருப்பவர் வெளியே போகலாமா என்று என்னிடம் மறுபடியும் கேட்டார். தேவைக்காகப் பகலில் சென்று இரவில் வீடு திரும்ப அனுமதி உண்டு, சிகிச்சை தேவைகளில் பெரிய தேவை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தச் சகோதரி அண்ணனோடு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வந்தார்.

ஆனால் அறைக்கு வெளியே தொங்கிய பூட்டை மட்டும் அந்த மாணவி ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. “அம்மாவுடன் இரவில் யாராவது ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். பூட்டு வேண்டாம்” என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொன்னார். மார்க்கம் எது, பயம் எது என்று பிரித்துப் பார்த்தார்.

பூட்டும் சங்கிலியும் எங்கே கொண்டு போய்விடும் என்பதை நம் கௌமு மறக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநோயாளிகள் விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே விட்டுச் சென்ற வீட்டார் பலரும் துஆவை நம்பி வந்தவர்கள். துஆ யாரையும் கட்டச் சொல்லவில்லை. கட்டியது நம் அறியாமை. ஜியாரத் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நான் இங்கே நுழையவில்லை. ஆனால் சங்கிலியில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிட்டுக் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. புத்தி பேதலித்தவர்மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நம் ஹதீஸ். அல்லாஹ்வின் எழுதுகோலே விட்டுவிட்டவரை நாம் விலங்கிடுவது எந்த நியாயம்?

அதன் பிறகு நல்ல மாற்றமும் வந்தது. குஜராத்தில் உனாவா மீரா தாத்தார் தர்காவில் தொடங்கி, பின்னர் ஏர்வாடியிலும், ஓதிப் பார்ப்போரும் மருத்துவர்களும் கைகோத்து, துஆவும் மருந்தும் ஒருங்கே கிடைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. துஆவை இகழாமல் மருந்தைக் கொடுத்தபோது மக்கள் மருந்தை ஏற்றுக்கொண்டார்கள்.

‘மாற்று மதத்தவரிடம் மனத்தைத் திறக்கலாமா?’

இந்தக் கேள்வியை நம் தாய்மார்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. தொழுகையையும் பர்தாவையுமே நோயாக எண்ணும் ஆலோசகர்களும் உலகில் இருக்கிறார்கள். அவர்களும் விசாரிக்காமல் ஃபத்வா கொடுப்பவர்களே. என் தவறும் அவர்கள் தவறும் ஒரே இனம். ஆனால் அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையே வேண்டாம் என்பது சரியன்று.

ஸஅது (ரலி) அவர்கள் நோயுற்றபோது பெருமானார் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். மார்பின்மீது தம் புனிதக் கரத்தை வைத்தார்கள். அதோடு நிறுத்தாமல், மருத்துவம் அறிந்த ஸகீஃப் குலத்து ஹாரிஸ் இப்னு கலதாவிடம் போகும்படி சொன்னார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. அந்த ஹாரிஸ் இஸ்லாத்தைத் தழுவியவரா என்பதிலேயே அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கரம் வைத்தது அன்பு, வைத்தியரிடம் அனுப்பியது அறிவு. அன்பில்லாத அறிவை நோயாளி ஏற்கமாட்டார். அறிவில்லாத அன்போ நோயாளியைக் காப்பாற்றாது.

மனநோய்க்கு மருத்துவம் என்பது மேற்கிலிருந்து வந்த புதுச் சரக்கும் அன்று. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்ஃகீ உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. நாம் மறந்ததைப் பிறர் நினைவூட்டும்போது கோபம் எதற்கு?

நாம் செய்ய வேண்டியது

ஆலிம்களுக்கும் இமாம்களுக்கும் என் பணிவான வேண்டுகோள்: துயரத்தோடு வருபவரிடம் முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள். உறக்கம் உண்டா, உணவு இறங்குகிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று இதமாக விசாரியுங்கள். இவற்றில் கோளாறு இருந்தால் ஓதிக் கொடுங்கள், கூடவே டாக்டரிடமும் அனுப்புங்கள். கேட்ட இரகசியம் அமானிதம். அது மிம்பருக்கும் வரக்கூடாது, நம் வீட்டுத் திண்ணைக்கும் வரக்கூடாது. நான் இங்கே எழுதியதும் அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, ஊரையும் அடையாளத்தையும் மறைத்தே எழுதியது.

வீட்டாருக்கு ஒரு சொல்: மனம் தளர்ந்தவரை ஜின் என்றும் நடிப்பு என்றும் ஒதுக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவைக்கு, 14416 என்ற எண்ணில், எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நள்ளிரவில் ஒரு உயிர் ஊசலாடும்போது இந்த எண் உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

அந்தச் சகோதரி இன்று எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மாத்திரை சாப்பிடுகிறார். தஹஜ்ஜுதும் தொழுகிறார். சில நாட்கள் அழுகிறார். இப்பொழுது யாரும் அவரைத் தடுப்பதில்லை. அந்த மாணவி படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் பள்ளிவாசல் வாசலில் நின்று, “ஐயா, நான் அன்று கேட்டதில் தப்பு ஏதும் இல்லையே?” என்றார். தப்பு கேட்காதவனிடம்தான் அம்மா இருந்தது என்றேன்.

இப்பொழுதும் நான் ‘ஸப்ரு செய்யுங்கள்’ என்று சொல்கிறேன். ஆனால் அதை முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க எனக்கல்லவா முதலில் ஸப்ரு வேண்டும்!

உடைந்த உள்ளங்களின் அருகே அமர்ந்து கேட்கும் செவியையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நாவையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.